ஒரு வரித் திருத்தம், இரண்டு கசிவுகள்: லினக்ஸ் கீரிங் பிழைவழி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கெர்பெரோஸ் டிக்கெட் (வலையமைப்பில் நுழைவதற்கான அடையாளச் சான்று), வட்டு மறையாக்கச் சாவி போன்றவற்றை ஒரு நிரல் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளத் தேவையில்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலிடம் ஒப்படைத்துவிட்டு அடையாள எண் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும். இப்படி ஒப்படைத்த சாவிகளைக் கோத்து வைக்கும் வளையம் கீரிங். ஒவ்வொரு பிராசஸும் ஏதோ ஒரு செஷன் கீரிங்கோடு ஓடுகிறது. பெயரைச் சொல்லி வேறொரு கீரிங்கில் சேர வேண்டுமானால் கீசிடிஎல் என்ற சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) இருக்கிறது. கெர்னலுக்குள் அந்த வேலையைப் பார்ப்பது, சாவிகள் பகுதியின் பிராசஸ்_கீஸ்.சி கோப்பில் உள்ள ஜாயின்_செஷன்_கீரிங்() என்ற ஃபங்ஷன்.

ஒவ்வொரு கீரிங்குக்கும் ஒரு பயன்பாட்டு எண்ணி உண்டு. யாராவது அதைப் பிடித்தால் ஒன்று கூடும், கீ_புட்() அழைத்து விட்டால் ஒன்று குறையும். பூஜ்யத்துக்கு வந்ததும் குப்பை அகற்றும் பணி பிற்பாடு வந்து நினைவகத்தை விடுவிக்கும். 2017 வரை இந்த எண்ணி 32 பிட் அட்டாமிக் முழு எண். உச்சவரம்பைத் தாண்டினால் சத்தமில்லாமல் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கே வந்துவிடும்.

2013 பிப்ரவரியில் வெளியான 3.8 பதிப்புக்காக, செஷன் கீரிங்கை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (பிராசஸுக்குள் ஓடும் தனி இழை) தனித்தனியாக்கும் மாற்றம் செய்யப்பட்டது. பெயர் சொல்லித் தேடிக் கிடைத்த கீரிங், ஏற்கெனவே தன்னுடைய செஷன் கீரிங்காகவே இருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் திரும்பிவிடும் சிறு கிளை ஒன்றும் அப்போது சேர்ந்தது. அந்தக் கிளையில் இருந்தவை இரண்டே வரிகள்: திரும்பு மதிப்பைப் பூஜ்யமாக்கு, எர்ரர்2 லேபிளுக்கு (பிழை நேர்ந்தால் பிடித்தவற்றை விட்டுவிட்டு வெளியேறும் இடம்) தாவு. கசிவு, அதாவது பிடித்ததை விடாமல் போவது, அந்த இரண்டாவது வரியில்.

கண்டது

2016 ஜனவரியில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒன்று இதை வெளிப்படுத்தியது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலான சிவிஇ-யில் சிவிஇ-2016-0728 என்ற எண் கிடைத்தது. சாதாரணப் பயனர் ஒருவர், தான் ஏற்கெனவே இருக்கும் கீரிங்கிலேயே மறுபடி மறுபடி சேரக் கேட்டால், ஒவ்வோர் அழைப்புக்கும் எண்ணி ஒன்று கூடி அப்படியே நின்றுவிடுகிறது. 4,29,49,67,296 முறை, அதாவது இரண்டின் 32-ஆம் அடுக்கு, அழைத்தால் எண்ணி சுற்றிப் பூஜ்யத்துக்கு வரும். பிராசஸ் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் கீரிங்கைக் குப்பை அகற்றும் பணி விடுவித்துவிடும். விடுபட்ட இடத்தில் தாக்குபவர் மெசேஜ் க்யூ (பிராசஸ்கள் செய்தி பரிமாறும் வசதி) வழியே தன் தரவை நிரப்பி, அதில் ரிவோக் ஃபங்ஷன் சுட்டியை (சாவியை ரத்துசெய்யும் ஃபங்ஷன் எங்கே என்று காட்டுவது) தனக்கு வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிட்டால் ரூட் அதிகாரம் (கணினி முழுவதன் மேலும் அதிகாரம்) கைக்கு வரும். அந்த நிறுவனத்தின் சோதனையில் ஐ7 மடிக்கணினிச் செயலி ஒன்றில் இதற்குச் சுமார் 30 நிமிடம் பிடித்தது. கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 24 லட்சம் அழைப்பு.

சிவிஇ விவரணை இதை "ஒரு பிழைச் சூழலில்" ரெஃபரன்ஸை (எண்ணியில் ஒன்று கூட்டி எடுத்த பிடியை) தவறாகக் கையாள்வதாகச் சொல்கிறது. உண்மையில் அங்கே பிழை எதுவும் நேரவில்லை. கேட்ட கீரிங்கில் ஏற்கெனவே இருக்கிறோம், ஆகவே வெற்றி. வெற்றி ஒன்று பிழை லேபிள் வழியாக வெளியேறியதுதான் சிக்கல். பிழைவழி (பிழை நேர்ந்தால் வெளியேறும் வழி) திருத்தங்களைப் படிக்க உட்காருபவர்கள் இந்த வகையைத் தவறவிடுவது சகஜம். பிழையைக் குறிக்கும் மைனஸ் மதிப்பு திரும்பும் இடங்களையே கண் தேடும், பூஜ்யம் திரும்பும் கோட்டோ (லேபிளுக்குத் தாவும் கட்டளை) மேல் பார்வை நிற்காது.

வெளியேறும் வழிகளின் கணக்கு

திருத்தத்தை எடைபோட முதலில் ஃபங்ஷன் முழுவதையும் ஒரு தாளில் பிரித்து எழுத வேண்டும். ஒவ்வொரு கோட்டோ அருகிலும் குறிக்க வேண்டியது ஒன்றே: இந்த இடத்தில் நம் கையில் என்னென்ன இருக்கிறது.

தொடக்கத்தில் பிரிப்பேர்_கிரெட்ஸ்() நடப்புக் கிரெடென்ஷியலின் (பிராசஸின் அடையாளமும் உரிமைகளும் அடங்கிய பதிவு) நகல் ஒன்றை எடுத்துத் தருகிறது. கையில் நகல் ஒன்று. பெயர் தராமல் அழைத்தால் வெற்று கீரிங் ஒன்றைப் பொருத்திவிட்டு முடித்துக்கொள்ளும். அந்தப் பகுதி இங்கே தேவையில்லை. பெயர் தந்திருந்தால் மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) பூட்டுகிறது. இப்போது கையில் நகலும் பூட்டும். எர்ரர்2 லேபிள் பூட்டைத் திறந்து, அதன் கீழே உள்ள எர்ரர் லேபிளில் விழுந்து, நகலைக் கைவிடுகிறது. ஆகவே எர்ரர்2-க்குத் தாவும் எவரிடமும் நகல், பூட்டு இரண்டைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. லேபிளுக்கும் அதற்குத் தாவும் இடங்களுக்கும் உள்ள எழுதப்படாத ஒப்பந்தம் இது.

அடுத்து ஃபைண்ட்_கீரிங்_பை_நேம்(). கீரிங் கிடைத்தால், எண்ணி பூஜ்யமாக இல்லை என்று உறுதிசெய்து, ஒன்றைக் கூட்டிய பிறகே சுட்டியைத் திருப்பித் தரும். அழைக்கும் வரியில் "கெட்" என்ற சொல் எங்கும் இல்லை. பெயரை மட்டும் படிப்பவருக்கு இது தேடல். உள்ளே போய்ப் படித்தால்தான் கையில் ஒரு ரெஃபரன்ஸ் தந்து அனுப்புகிறது என்று தெரியும்.

இனி வழிகள். அப்படிப் பெயரே இல்லை என்று ஈநோகீ (சாவி கிடைக்கவில்லை என்ற பிழைக் குறி) வந்தால் கீரிங்_அல்லாக்() புதிதாக ஒன்றை உருவாக்கப் பார்க்கிறது. அது தோற்றால் கையில் கீரிங் இல்லை, எர்ரர்2 சரி. தேடல் வேறு பிழையோடு திரும்பினாலும் கையில் கீரிங் இல்லை, எர்ரர்2 சரி. தேடல் வெற்றி, கிடைத்தது நடப்புக் கீரிங்கே என்றால், கையில் கூடுதலாக ஒரு ரெஃபரன்ஸ் இருக்கிறது, ஆனாலும் எர்ரர்2. இங்கேதான் கசிவு. மற்றபடி இன்ஸ்டால்_செஷன்_கீரிங்_டு_கிரெட்() அழைக்கப்படுகிறது. அது வெற்றி பெற்றால் கிரெடென்ஷியல் தனக்கென ஒரு ரெஃபரன்ஸ் எடுத்துக்கொள்ளும். ஃபங்ஷன் கீரிங்கின் எண்ணைக் குறித்துக்கொண்டு தன் கையிலிருப்பதை கீ_புட்() மூலம் விடுகிறது. கணக்கு நேராகிறது.

அது தோற்றால்? கையில் ரெஃபரன்ஸ் இருக்கிறது. தாவும் இடம் எர்ரர்2.

ஐந்து வழிகளில் இரண்டு தவறு. வெளிவந்த அறிக்கை பேசியது ஒன்றைப் பற்றி.

திருத்தத்துக்கு இருந்த வழிகள்

முதல் வழி, தவறான கிளைக்குள் கோட்டோவுக்கு முன் கீ_புட்() வரி ஒன்றைச் சேர்ப்பது. இரண்டாவது, எர்ரர்2-க்கு மேலே எர்ரர்3 என்ற புது லேபிள் வைத்து, அதில் கீ_புட்() செய்து, ரெஃபரன்ஸ் கையிலிருக்கும் இரண்டு இடங்களையும் அங்கே திருப்புவது. மூன்றாவது, அந்தக் கிளையையே நீக்குவது. நீக்கினாலும் கணக்கு நேராகவே இருக்கும். பொருத்தும் ஃபங்ஷன் புதியதைப் பிடித்துப் பழையதை விடும், இரண்டும் ஒரே பொருள் என்பதால் கூட்டலும் கழித்தலும் சரியாகிவிடும். ஆனால் அப்போது பயனருக்குத் திரும்பும் மதிப்பு பூஜ்யத்திலிருந்து கீரிங் எண்ணாக மாறும். பாதுகாப்புத் திருத்தத்துக்குள் பயனருக்குத் தெரியும் நடத்தை மாற்றத்தை நுழைப்பது பழைய நிரல்களை உடைக்கும் வாய்ப்பைக் கூடவே அனுப்புவதாகும்.

மெயின்லைனுக்கு (லினக்ஸின் முதன்மைக் கெர்னல்) போனது முதல் வழி. ஒரே ஒரு வரி. அவசரம் கருதினால் இந்தத் தேர்வு சரிதான். 3.8 முதல் 4.4 வரை பல ஸ்டேபிள் கிளைகளுக்கும் (வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்கள் சேர்க்கும் கிளைகள்), ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் (லினக்ஸ் விநியோகம்) பராமரிக்கும் தனிக் கெர்னல்களுக்கும் ஒரே நேரத்தில் பின்கொண்டுபோக வேண்டிய பேட்ச் (திருத்தத் துணுக்கு) இது. ஒரு வரி எங்கும் மோதாமல் பொருந்தும், எவரும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். லேபிள்களை மறுஒழுங்கு செய்யும் பேட்ச் ஏதோ ஒரு பழைய கிளையில் தவறாகப் பொருந்தினால், கசிவுக்குப் பதில் இரட்டைக் கழிப்பு, அதாவது ஒரே பிடியை இரண்டு முறை விடுவது, வரும். அது இன்னும் மோசம். கசிவைச் சுரண்ட 429 கோடி அழைப்பு வேண்டும், இரட்டைக் கழிப்புக்கு ஓரிரண்டே போதும்.

குறை, இரண்டாவது வழி அதே தொடரில் தனிப் பேட்சாகக் கூட வராமல் போனது.

திருத்த வரியை எப்படிச் சரிபார்ப்பது

ஒரு வரிதானே என்று கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். நான்கும் பிழைவழியில் "புட்" சேர்க்கும் எந்தப் பேட்சுக்கும் பொருந்தும்.

கீழே நகலைக் கைவிடும் அபார்ட்_கிரெட்ஸ்() ஏற்கெனவே இதே கீரிங்கை விடுகிறதே, இந்தக் கீ_புட்() இரண்டாம் முறை கழிப்பதாகாதா? ஆகாது. ஒரே பொருளுக்கு இங்கே இரண்டு உரிமையாளர்கள். நகல் எடுக்கும்போது பிரிப்பேர்_கிரெட்ஸ்() செஷன் கீரிங் மேல் எடுத்த ரெஃபரன்ஸ் நகலுக்குச் சொந்தம். நகல் அழியும்போது அது விடப்படும். தேடல் தந்தது ஃபங்ஷனுக்குச் சொந்தம். சுட்டிகள் சமம் என்று கிளையின் நிபந்தனையே சொல்வதால், இரண்டு ரெஃபரன்ஸும் ஒன்றே என்ற மயக்கம் படிப்பவருக்கும் வரும், 3.8-இல் எழுதியவருக்கும் வந்திருக்கலாம். ரெஃபரன்ஸை சுட்டியைக் கொண்டு எண்ணக் கூடாது, எடுத்தவரைக் கொண்டு எண்ண வேண்டும்.

பூட்டு கையிலிருக்கும்போது கீ_புட்() அழைக்கலாமா? அழைக்கலாம். கீ_புட்() அந்த இடத்திலேயே எதையும் அழிப்பதில்லை; எண்ணி பூஜ்யமானால் குப்பை அகற்றும் பணியை வரிசையில் சேர்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதே பூட்டை மறுபடி கேட்டு முடங்கும் வாய்ப்பு இல்லை. கடைசி ரெஃபரன்ஸை விட்டதும் உடனே பூட்டெடுத்து அழிக்கும் துணைஅமைப்புகளில் இதே வடிவப் பேட்ச் டெட்லாக் ஆகும். ஆகவே "புட்" என்ற பெயரை நம்பாமல் அதன் உடலைப் படித்துவிட்டே சரி சொல்ல வேண்டும்.

விட்ட பிறகு அந்தச் சுட்டியைத் தொடுகிறோமா? இல்லை, பூஜ்யம் திரும்புகிறது, அவ்வளவுதான். வெற்றி வழியிலும் எண்ணை முதலில் குறித்துக்கொண்ட பின்புதான் கீ_புட்() வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கும் "சுத்தப்படுத்தல்" பேட்ச் என்றைக்காவது வந்தால் நிராகரிக்க வேண்டும்.

இதே நிலையில் வெளியேறும் வேறு இடம் உண்டா? உண்டு. பொருத்தும் ஃபங்ஷன் தோற்கும் வழி. அதன் உள்ளே போய்ப் பார்த்தால், கீரிங் தராமல் அழைத்தால் மட்டுமே அது புதிதாக ஒன்றை ஒதுக்கப் பார்க்கிறது. தோல்வி அந்த ஒதுக்கீட்டில் மட்டுமே நேரும். கீரிங் தந்து அழைத்தால் எண்ணியைக் கூட்டி, மாற்றி வைத்து, பூஜ்யம் திருப்புகிறது. நம் ஃபங்ஷன் எப்போதும் கீரிங் தந்தே அழைக்கிறது. ஆக அந்த வழி இன்று எட்ட முடியாதது. பாதுகாப்பு அவசரத்தில் அதை விட்டுவைத்ததற்கு நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் வேறொரு ஃபங்ஷனின் இன்றைய உடலை நம்பியிருக்கிறது. நாளை யாரோ அங்கே அனுமதிச் சோதனை ஒன்றைச் சேர்த்தால் கசிவு உயிர்பெறும். சேர்ப்பவர் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்.

சோதனை

திருத்தத்தின் விளக்க உரையிலேயே சோதனை நிரல் இடம்பெற்றது பாராட்டத்தக்கது. பெயருள்ள கீரிங்கில் சேர், அதன் அனுமதியை மாற்று, பிறகு அதே பெயரில் 100 முறை சேர், முடி. அதன்பின் கெர்னலின் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்புமுறையில் உள்ள கீஸ் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பிழை உள்ள கெர்னலில், நிரல் முடிந்த பிறகும் அந்தக் கீரிங்கின் வரி நிற்கும். அந்த வரியின் மூன்றாம் நெடுவரிசையில் பயன்பாட்டு எண்ணி 100. மறுபடி ஓட்டினால் 200. திருத்திய கெர்னலில் பூஜ்யம், அல்லது வரியே இருக்காது. (நான்காம் நெடுவரிசையில் தெரியும் "பெர்ம்" அனுமதியைக் குறிப்பதல்ல, காலாவதி இல்லாத நிரந்தரச் சாவி என்பதைக் குறிப்பது. அனுமதி முகமூடி (யாருக்கு என்ன உரிமை என்று காட்டும் எண்) அதற்கடுத்த நெடுவரிசை. புதிதாகப் பார்ப்பவர் இங்கே குழம்புவார்.)

அனுமதியை மாற்றும் அந்த நடு அடியைத் தேவையற்றது என்று நீக்கிவிடக் கூடாது. பெயரோடு உருவாகும் செஷன் கீரிங்கில், சொந்தப் பயனருக்குக்கூடத் தேடும் உரிமை இயல்பாகக் கிடையாது. தேடல் ஃபங்ஷன் அந்த உரிமை இல்லாத கீரிங்கைத் தாண்டிப் போய்விடும். விளைவு, 100 அழைப்பும் 100 புதிய கீரிங்குகளை உருவாக்கும், ஒவ்வொன்றும் முந்தையதை முறையாக விடும், எண்ணி கூடவே கூடாது. பிழை உள்ள கெர்னலிலும் சோதனை தேறிவிடும். அதனால் முதலில் திருத்தாத கெர்னலில் ஓட்டி 100 என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திருத்தியதில் ஓட்ட வேண்டும்.

வழக்கமான கருவிகள் இதைப் பிடித்திருக்குமா? கேமெம்லீக் யாரும் சுட்டாத நினைவகத்தைத் தேடுவது. கசிந்த கீரிங்கோ சாவிகளின் எண் மரத்தில் பத்திரமாகக் கோக்கப்பட்டிருக்கிறது, அதன் பார்வையில் கசிவே இல்லை. கேஏசான் விடுவித்த நினைவகத்தைத் தொடும்போதுதான் கூச்சலிடும், அதற்கு 429 கோடி அழைப்பு முடிந்திருக்க வேண்டும். ஒதுக்கீட்டைச் செயற்கையாகத் தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாப் இந்தக் கிளையை எட்டவே எட்டாது, ஏனெனில் இங்கே ஒதுக்கீடும் இல்லை, தோல்வியும் இல்லை. மூன்றும் இயங்கும் கெர்னலில் இந்தக் குறை மூன்று ஆண்டு கண்ணில் படாமல் இருப்பது சாத்தியமே. கண்ணால் படிப்பதுதான் இதற்கு வழி.

பின் நடந்தது

திருத்தம் 4.4.1 ஸ்டேபிள் பதிப்பில் சேர்ந்தது. டிஸ்ட்ரோக்கள் தங்கள் கெர்னல்களுக்குக் கொண்டுபோயின. 3.10 கெர்னலை அடியாகக் கொண்ட ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 பாதிக்கப்பட்டது, 2.6.32-ஐ அடியாகக் கொண்ட 6 தப்பியது. ஆண்ட்ராய்டு சாதனங்களில் 66 சதவீதம் பாதிக்கப்படும் என்று அந்த ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பல சாதனங்கள் 3.8-க்கு முந்தைய கெர்னலில் ஓடுவதையும் எஸ்இலினக்ஸ் (நிரல்களின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அடுக்கு) தடுப்பதையும் காட்டி கூகுள் மறுத்தது.

விடுபட்ட இரண்டாம் கசிவுக்கு, அதாவது பொருத்தும் ஃபங்ஷன் தோற்கும் வழிக்கு, பிற்பாடு தனிப் பேட்ச் வந்தது. அதன் விளக்க உரை நேர்மையானது: முந்தைய திருத்தத்தைக் குறிப்பிட்டு, அதே வகைக் கசிவு இங்கும் இருக்கிறது, இப்போதைக்கு அது நிகழ முடியாது, இருந்தாலும் கவனமாக இருக்க வேண்டும் என்றது. எர்ரர்3 லேபிள் அப்போதுதான் வந்தது.

2017-இல் இன்னொரு மாற்றமும் நடந்தது. சாவியின் எண்ணி சாதாரண அட்டாமிக் எண்ணிலிருந்து ரெஃப்கவுன்ட்_டி வகைக்கு மாறியது. இந்த வகை உச்சவரம்பை நெருங்கினால் சுற்றாது. அங்கேயே உறைந்து நின்று எச்சரிக்கை ஒன்றைப் பதிவுசெய்யும். இதே பிழை இன்று எழுதப்பட்டாலும் கீரிங் ஒன்று நினைவகத்தில் தங்கிவிடும், ரூட் அதிகாரம் போகாது. 2016-இல் தீவிரத்தைக் கூட்டியது கசிவைவிடச் சுற்றும் எண்ணிதான் என்பதால், இரண்டில் பெரிய திருத்தம் இதுவே என்று சொல்லலாம்.

மாற்ற வேண்டியவை

அவசரத் திருத்தம் ஒரு வரியாகவே போகட்டும். ஆனால் அதைப் பார்ப்பவர் டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) காட்டும் மூன்று மூன்று வரிச் சூழலோடு நிறுத்தாமல், மேலே செய்ததுபோல் எல்லா வெளியேறும் வழிகளையும் எழுதி, அந்தக் கணக்கைப் பதிலில் ஒட்ட வேண்டும். எட்ட முடியாத கசிவு இருந்தால் அடுத்த மெர்ஜ் விண்டோவுக்கு (புதிய மாற்றங்களை ஏற்கும் காலம்) இரண்டாம் பேட்ச் எழுதுவது யார் என்பதை அங்கேயே முடிவுசெய்ய வேண்டும். ஸ்டேபிளுக்குப் போவது முதல் பேட்ச் மட்டும்.

லேபிள் பெயர்கள். கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம் பழைய பேசிக் மொழி பாணியில் எர்1, எர்2 என்று எண் போடாதீர்கள், லேபிள் என்ன செய்கிறதோ அதையே பெயராக வையுங்கள் என்கிறது. இந்த ஃபங்ஷனில் எர்ரர்2 என்பதற்குப் பதில் "அவுட்_அன்லாக்" என்றிருந்தால், "கீரிங் கையிலிருக்கும்போது அன்லாக்குக்கு ஏன் தாவுகிறோம்" என்ற கேள்வி 2012-லேயே யார் வாயிலாவது வந்திருக்கலாம். இரண்டாம் பேட்சும் எர்ரர்3 என்றே பெயர் வைத்தது வேடிக்கை.

2023-இல் 6.5 பதிப்போடு வந்த கிளீனப் வசதியைக் கொண்டு, பூட்டையும் ரெஃபரன்ஸையும் மாறியின் எல்லை முடியும் இடத்தில் தானாக விடச் செய்யலாம். புதிதாக எழுதும் ஃபங்ஷனுக்கு அது நல்லது. ஆனால் ஒரே ஃபங்ஷனுக்குள் கோட்டோவையும் அதையும் கலக்க வேண்டாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. பழைய ஃபங்ஷனை மாற்றுவதானால் முழுவதையும் மாற்ற வேண்டும். கசிவை அடைக்கும் பேட்சில் அந்த வேலை சேரக் கூடாது. நகலைக் கைவிடுவதா நிலைநிறுத்துவதா என்று வழிக்கு வழி மாறும் இந்த ஃபங்ஷனில் அது எளிதாகவும் இருக்காது.

இரண்டாம் பேட்சுக்குப் பின் "ஏற்கெனவே இந்தக் கீரிங்தான்" கிளை எர்ரர்3-க்குத் தாவி, ரெஃபரன்ஸை விட்டு, பூட்டைத் திறந்து, நகலைக் கைவிட்டு வெளியேறுகிறது. திரும்பு மதிப்பு பழையபடி பூஜ்யமே.